வாதி வருகிறது

ஹெல்மெட் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்க்கில் போய் நின்றால் எனக்கு இந்த அரபு நாட்டில் ‘சார்’ என்று பெயர். “ஃபுல், சார்?” என்பார் பங்க் ஊழியர். நான் முகக் கண்ணாடியைத் தூக்கி “ஃபுல் கரோ, பாய்” என்றதும், குழாயைக் கையில் பிடித்தபடி ஒரு நொடி அசையாமல் நிற்பார். பிறகு “சாரி, மேடம்.” ஒருவர் மட்டும் டேங்க் நிறையும்வரை யோசித்துவிட்டு, பின்சீட்டில் இருந்தவரைக் காட்டி, “மேடம், சாருக்கு உடம்பு சரியில்லையா?” என்று இந்தியில் கேட்டார். பின்சீட்டில் இருந்தவர் என் கணவர் ஜெரோம். அவருக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். “உடம்புக்கு ஒண்ணுமில்ல பாய், டிரைவர் வச்சிருக்கேன்” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சிரிக்க ஜெரோமுக்கு ஒரு வருடம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர்கள். பதினைந்து வருடமாக இங்கே ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஜெரோம் ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியன். ஒரே மகள் ஊரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ரூம், டூட்டி பஸ், சர்ச், சூப்பர் மார்க்கெட், ஏர்போர்ட் என்று ஐந்து விரலில் சொல்லி முடித்துவிடலாம். ஊரிலிருந்து யாராவது விசிட் விசாவில் வந்தால் அந்தச் சாக்கில் உயரமான கட்டிடங்களையும் பார்ப்போம். கிழக்கே மலைகள் இருப்பது தெரியும். விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாக அவை தெரியும், வெயிலில் காயப்போட்ட திருக்கைக் கருவாடுபோலச் சுருங்கி, பழுப்பாக. எங்கள் ஊரில் மலை என்றால் மேகம், ரப்பர் தோட்டம், எந்நேரமும் ஈரம். புல்கூட முளைக்காத ஒன்றை மலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெரோம்தான் அதைப் பார்க்க ஆசைப்பட்டார். மண்பாதையிலும் கல்லிலும் ஓடக்கூடிய உயரமான பைக் ஒன்றை, நாட்டைவிட்டுப் போன ஒருவரிடமிருந்து வாங்கினார். பழையதுதான், நானூறு சிசி. வெள்ளிக்கிழமை காலையில் பில்டிங் வாசலில் அதைக் கழுவித் துடைப்பார். குளிர்காலம் வரட்டும், மலைக்குள்ளே இருக்கிற வாதிகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றுவோம் என்பார். குளிர்காலம் வரும்போது டூட்டி மாறிவிடும். இப்படியே இரண்டு குளிர்காலம் போனது.

மூன்றாவது வருடம் அவர் வேலையில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். இடது தோள்பட்டையில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கையில் பிடி வரவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கலாம். கிளட்ச் லீவரை நாலு தடவை அழுத்தினால் விரல்கள் நடுங்க ஆரம்பித்துவிடும். கம்பெனி அவரை ஸ்டோரில் உட்கார வைத்தது. கிரேனின் உச்சியில் நின்று முழுத் துறைமுகத்தையும் கீழே பார்த்த மனிதர், நட்டு போல்ட்டு கேட்டு வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சு குறைந்துபோனது. ஒருநாள், “பைக்க வித்துரலாம். சும்மா நின்னு துருப்பிடிக்குது” என்றார். “விக்க வேண்டாம், நான் ஓட்டுறேன்” என்றேன். நான் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, “ஒனக்கு கால் எட்டாது பிள்ள” என்றார். செருப்புக் கடையில் கனமான அடிப்பாகம் வைத்த பூட்ஸ் வாங்கினேன். எட்டியது.

நர்சிங் படிக்கும்போது ஊரில் மொபெட் ஓட்டியிருக்கிறேன். மீன்கூடை ஏற்றிக்கொண்டு மொபெட்டில் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மைதானத்தில் என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு லைசென்ஸ் எடுக்க வந்த இளைஞர்கள், பாகிஸ்தானிகள், நேபாளிகள். எனக்கு நாற்பத்தொன்று. எகிப்தியரான பயிற்சியாளர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, “யூ, டெலிவரி?” என்றார். பதினான்கு வருடமாக என் வேலை அதுதானே. “யெஸ், டெலிவரி” என்றேன் பெருமையாக. “எத்தனை வருடம்?” “ஃபோர்ட்டீன்.” “லைசென்ஸ் இல்லாமலா?” அவர் கண்கள் விரிந்தன. “லைசென்ஸ் உண்டு. ஹெல்த் மினிஸ்ட்ரி லைசென்ஸ்.” அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நாள் நர்ஸ் யூனிஃபார்மிலேயே வகுப்புக்குப் போனபோதுதான் எந்த டெலிவரி என்று அவருக்குத் தெரிந்தது. தன் மனைவி நிறைமாதம் என்று சொல்லி, அன்றைக்குப் பாதி வகுப்பு நேரம் என்னிடம் சந்தேகம் கேட்டார்.

முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்த அன்று மாலை ஜெரோமைப் பின்னால் உட்காரச் சொன்னேன். பார்க்கிங்கில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு ஏறினார். கல்யாணமான புதிதில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலோர ரோட்டில் அவர் ஓட்ட, நான் ஒருபக்கமாக உட்கார்ந்து, தெருவில் யாராவது பார்ப்பார்கள் என்று அவர்மேல் கை படாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. இப்போது அவரும் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்திருந்தார். மூன்றாவது ரவுண்டானா தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது வலது கை என் தோளுக்கு வந்தது. வந்த கை திரும்பிப் போகவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவர் கைபேசியில் ஒரு கடிதத்தைக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். எழுதி வைத்திருந்தார், அனுப்பவில்லை. “இந்த வேலைக்கு நான் எதுக்கு இங்க இருக்கணும்? நீயும் வந்துரு, ஊருக்குப் போவோம்” என்றார். எனக்குப் போக மனமில்லை. என் வார்டு இங்கே, என் கை பழகிய மேஜைகள் இங்கே. ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்து, மகள் வயதுப் பெண்களின்கீழ் நிற்க வேண்டும். இதை நான் சொன்னேன். தான் இப்போது அப்படித்தானே நிற்கிறேன் என்று அவர் சொன்னார். பிறகு அவரே, “போறதுக்கு முன்ன அந்த மலைய ஒருதடவ பாத்துரலாம்” என்றார். எட்டு நாள் லீவு போட்டேன். அவருக்கும் கிடைத்தது.

பிப்ரவரி மாதத்துக் காலை வெளிச்சத்தில் கிளம்பினோம். மணல் முதலில் வெள்ளையாக, பிறகு ஆரஞ்சாக, பிறகு சிவப்பாக மாறியது. தைத் என்ற ஊரைத் தாண்டியதும் மணலுக்கு நடுவே கல் முளைக்க ஆரம்பித்தது. ஹத்தா பக்கம் போனதும், பழுப்பு என்று நான் நினைத்திருந்த மலை ஒரு வளைவில் கருநீலமாக, இன்னொரு வளைவில் ஆட்டு ஈரல் நிறத்தில் நின்றது. தார்ச்சாலையை விட்டு வாதிக்குள் இறங்கினோம். வாதி என்றால் மலைகளுக்கு நடுவே ஓடும் வறண்ட பள்ளத்தாக்கு. தமிழில் வாதி என்றால் வழக்குப் போட்டவர் என்று ஜெரோமிடம் சொன்னேன். “அப்ப நாம பிரதிவாதி” என்றார். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள், அடியில் உருண்டைக் கற்கள், அதில் டயர்த் தடம் மட்டுமே பாதை. கூழாங்கல்லில் முன்சக்கரம் நழுவும்போது பிரேக்கைத் தொடக்கூடாது, பார்வையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஜெரோம் இதையெல்லாம் பின்னாலிருந்து என் காதருகில் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் நாள் இரண்டு தடவை விழுந்தோம், இரண்டும் வண்டி நிற்கப்போகும்போது சாய்ந்ததுதான். அவர் வலது கையாலும் நான் இரண்டு கையாலும் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். இரண்டாம் நாள் விழவில்லை. ஒரு பாறை நிழலில் பேரீச்சம்பழமும் குப்பூஸ் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிநேரம் தூங்கினோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், டூட்டி அலாரம் இல்லாமல் தூங்கியது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று கணக்குப் பார்த்தேன், தெரியவில்லை.

மூன்றாம் நாள் புஜைரா மலைப்பகுதியில் இன்னும் ஒடுங்கிய ஒரு வாதிக்குள் போனோம். பெயர்ப் பலகையில் குண்டு துளைத்ததுபோல ஆணித் துளைகள், எழுத்து மங்கிவிட்டது. உள்ளே போகப்போகச் சுவர்கள் நெருங்கி வந்தன. மேலே வானம் ஒரு நீலப் பட்டைபோலத் தெரிந்தது, ஒரு துண்டு மேகமில்லை. மழை நேரத்தில் வாதிக்குள் போகக்கூடாது, போனால் அபராதம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மழைக்கு எச்சரிக்கை வந்தால் கைபேசி சைரன்போல அலறும். அன்று அலறவில்லை. அந்தப் பள்ளத்தில் சிக்னலே இல்லை என்பதை நாங்கள் கவனிக்கவுமில்லை. நாலைந்து பேர் குளிக்கும் அளவுக்குப் பச்சையாகத் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டையைக் கண்டு, அதன் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பூட்ஸோடேயே காலை நனைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மேலே பாறைத் திட்டிலிருந்து சத்தம் வந்தது.

ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தலையில் துணியைச் சுற்றி, நீளச் சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆட்டுத்தடம் வழியாக இறங்கி ஓடிவந்தார். “யா மதாம்! வாதி யாய்! வாதி யாய்!” என்று கத்தினார். எனக்குத் தெரிந்த அரபி முழுவதும் பிரசவ அறை அரபி. மூச்சு விடு, கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு தடவை, முடிந்தது. ‘யாய்’ என்றால் வருகிறது என்பது நன்றாகத் தெரியும். ‘பேபி யாய், சிஸ்டர்!’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அலறாத அரபிப் பெண் கிடையாது. ஆனால் வாதி எப்படி வரும்? வாதிக்குள்தானே நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்? “என்னவாம் இவருக்கு?” என்றார் ஜெரோம். “வாதி வருதுங்காரு.” “நாம வாதிக்கு வந்துட்டோம்னு சொல்லுதாருபோல. இது அவரு எடமா இருக்கும். போவச் சொல்லுதாரு.” நான் மரியாதையாக எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, “ஐவா, வாதி. ஹிலோ, ஹிலோ” என்றேன். ஆமாம், வாதிதான், ரொம்ப அழகு என்று அர்த்தம். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நேரே பைக்கிடம் போனார். சாவியை உருவினார். திரும்பி, வந்த தடத்திலேயே விறுவிறுவென ஏற ஆரம்பித்தார்.

ஜெரோமுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “ஏய்! ஏய் பாய்! சாவி!” என்று கத்திக்கொண்டு அவர் பின்னாலேயே பாறையில் ஏறினார். இடது கை உதவாத மனிதர், வலது கையால் மட்டும் பற்றிப் பற்றி ஏறினார். நான் ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பினேன். மேலே போனவர் நின்று, “யல்லா! யல்லா!” என்று என்னைப் பார்த்து அவசரப்படுத்திக் கத்திய கத்தலில் அதைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினேன். சாவியைக் கொடுத்துவிடுவார், அதற்கு ஏன் இவ்வளவு தூரம் என்று நினைத்தபடி ஏறினேன். மூன்று மாடி உயரத்தில் ஒரு திட்டு. அங்கே மூச்சு வாங்க நின்றபோது முதலில் காற்று வந்தது. குளிர்ந்த, மண் வாசனையுள்ள காற்று, கீழேயிருந்து. பிறகு ஒரு சத்தம். லாரி லாரியாக ஜல்லியைக் கொட்டுவதுபோன்ற சத்தம், நிற்காமல். ஜெரோம் அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

வளைவைத் திரும்பி அது வந்தது. தண்ணீர் என்று சொல்லத் தோன்றவில்லை, முன்பக்கம் முழுவதும் சுள்ளியும் கல்லும் நுரையும்தான். முள்மரம் ஒன்று வேரோடு உருண்டு வந்தது. ஒரு நீல டிரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் கால் நனைத்த குட்டை கண்மூடித் திறப்பதற்குள் இல்லை. பைக் ஒரு தடவை தலையைத் தூக்கியதுபோல இருந்தது. ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜெரோம் உட்காரவில்லை. கடற்கரைக்காரருக்கு அலை தெரியும், இழுப்பு தெரியும். மேலிருந்து தண்ணீர் வந்து ஆளை அடிக்கும் என்பது அவர் கற்பனையிலும் இல்லை. சாவியைப் பிடுங்கிய மனிதர் அதை இப்போது எடுத்து ஜெரோமின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். ஜெரோம் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரில் சர்ச்சில் சுரூபத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல. அந்த மனிதருக்கு அது புரிந்ததோ என்னவோ, “கலாஸ், கலாஸ்”, முடிந்தது முடிந்தது என்று தோளைத் தட்டினார். தகடு வைத்த தோள். வலித்திருக்கும்.

அவர் பெயர் சயீத். திட்டுக்கு மேலே அவருக்கு ஒரு சிறிய பேரீச்சைத் தோட்டமும் ஆடுகளும் வீடும் இருந்தன. தோட்டத்தில் வேலைபார்த்த கான் பாய் என்ற பெஷாவர்க்காரர் அரபியை உருதுவாக்க, ஜெரோம் அதைத் தமிழாக்க, நடந்தது எனக்கு விளங்கியது. எல்லைக்கு அப்பால் உயர மலையில் மழை. அங்கிருக்கும் உறவினர் போனில் சொல்லியிருக்கிறார். இவர் தோட்டத்து மேட்டில் நின்று கீழே பார்த்தபோது ஒரு ஹெல்மெட் பளபளத்ததாம். அவர்கள் பேச்சில் பள்ளத்தாக்குக்கும் வாதி என்றுதான் பெயர், அதில் ஓடிவரும் வெள்ளத்துக்கும் வாதி என்றுதான் பெயர். ‘வாதி வருகிறது’ என்று அவர் சொன்னது இங்குள்ள குழந்தைக்குக்கூடப் புரியும் பேச்சு. எனக்கு வெட்கமாக இருந்தது. குடிக்கும் தண்ணீரையும் வெள்ளம் என்போம், ஊரை அடித்துப்போவதையும் வெள்ளம் என்போம் நாங்கள். மதுரைக்காரத் தோழி ஒருத்தியிடம் “குடிக்க வெள்ளம் தா” என்று கேட்டு அவள் திருதிருவென விழித்தது எனக்கு மறந்தா போயிற்று? நான் “ஹிலோ, ஹிலோ” என்றதைச் சயீத் நடித்துக் காட்டியபோது கான் பாய் தரையில் உட்கார்ந்து சிரித்தார். “வெள்ளம் வருது ஓடுன்னா, அழகா இருக்குங்குறாங்க மேடம்!”

அன்று பாதை முழுவதும் தண்ணீர். போக வழியில்லை. என்னை உள்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சயீதின் மனைவியும் இரண்டு மகள்களும் என் நனைந்த பூட்ஸை வாங்கி வெயிலில் வைத்தார்கள். தட்டு நிறையச் சோறும் ஆட்டுக்கறியும் வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். ஒன்று என்றதும் மூன்று பேரும் ஒரே குரலில் ஐயோ பாவம் என்பதுபோல ஒரு சத்தம் எழுப்பினார்கள். நான் பிரசவம் பார்க்கிற நர்ஸ் என்று தெரிந்ததும் அந்தப் பாவம் இன்னும் கூடியது. பிள்ளைகளையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு ஒன்றோடு நின்றவள்! மூத்த மகள் கைபேசியில் மொழிபெயர்த்து என்னிடம் ஒரு கேள்வியை நீட்டினாள்: ‘பைக் ஓட்டுவது நீங்கள்தான் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?’ ஆமாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்திருந்தது. வாதியின் தரையே மாறிவிட்டது. பாதை இருந்த இடத்தில் பாறை, பாறை இருந்த இடத்தில் மணல்மேடு. வண்டி கடலுக்கே போயிருக்கும் என்றேன். நாங்கள் மூன்று வளைவு கீழே நடந்தபோது, முன்னால் போன கான் பாய் கையை ஆட்டினார். ஒரு இலந்தை மரத்தின் அடிமரத்தில் பைக் தலைகீழாகச் சிக்கி நின்றது. கண்ணாடிகள் இல்லை, ஹேண்டில் வளைந்து, ஸ்போக்கெல்லாம் புல்லும் சேறும். கிளட்ச் லீவர் பாதியில் ஒடிந்திருந்தது. நான் அழுதுவிட்டேன். ஜெரோம் பக்கத்தில் மண்டியிட்டு, இன்ஜினைச் சுற்றி விரலால் சேற்றை வழித்துப் பார்த்தார். “ஓடிக்கிட்டு இருக்கும்போது வெள்ளம் ஏறியிருந்தா இன்ஜின் முடிஞ்சிருக்கும். அவரு சாவிய எடுத்துட்டாரு பிள்ள, நாம ஸ்டார்ட் பண்ண வழியில்லாமப் போச்சு” என்றார். அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடமாகியிருந்தது. ஒரு பொருளில் என்ன கோளாறு, எங்கே தொடங்க வேண்டும் என்று அறிந்த மனிதனின் குரல்.

சயீதின் பிக்கப்பில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் வேலை. ஜெரோம் சொல்வார், நான் செய்வேன். அவருடைய இடது கை இருக்க வேண்டிய இடத்தில் என் கை இருந்தது. ஆயிலை வடித்தோம், பால் காபி நிறத்தில் வந்தது. பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் நின்ற தண்ணீரைக் கிக்கரை உதைத்து வெளியேற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு துளையையும் ஊதினோம். “அங்க இல்ல, அதுக்குக் கீழ. மெதுவா. ஒன் ஆஸ்பத்திரியில எப்படிச் செய்வியோ அப்படி” என்றார். கான் பாய் தோட்டத்துக் குப்பையிலிருந்து ஒரு பழைய சைனா வண்டியின் லீவரைக் கொண்டுவந்தார். அது பொருந்தவில்லை. ஜெரோம் அதை வைஸ் இடுக்கியில் கடித்துப் பிடிக்கவைத்து, வலது கையால் அரம் போட்டுத் தேய்த்தார், ஒரு முழு மதியம். சயீத் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அரபியில், இவர் தமிழில். கான் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நடுவில் மொழிபெயர்க்க ஆளில்லை, இருவரும் நிறுத்தவுமில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பதினோராவது உதையில் வண்டி இருமி, கறுப்பாகப் புகை விட்டு, நின்றது. பன்னிரண்டாவதில் பிடித்துக்கொண்டது. உள்வீட்டிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். என் வார்டில் ஆண் குழந்தை பிறந்தால் பாட்டிமார் இடும் அதே குலவை.

அங்கே, சூடாகிக்கொண்டிருந்த இன்ஜின் பக்கத்தில் நின்று, “கடிதத்த என்ன செய்யப்போறீங்க?” என்று கேட்டேன். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “ஸ்டோர்ல இருக்குறது கஷ்டந்தான் ரெஜி. ஆனா சீட்டு எழுதத்தான் இந்தக் கை இருக்குன்னு நெனச்சிட்டேன், அது தப்பு” என்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஒனக்கு இங்கதான இஷ்டம்?” “ஆமா.” “அத முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல.” சொன்னேன்தான். அன்று சொன்னது காதில் விழுகிற நிலையில் அவர் இல்லை. மீதி மூன்று நாளும் மலையிலேயே சுற்றினோம். வாதிக்குள் இறங்குமுன் ஒவ்வொரு தடவையும் நின்று, அங்கே இருக்கிற யாராவது ஒருவரிடம் ‘வாதி யாய்?’ என்று கேட்டோம். ‘மாஃபி, மாஃபி’, இல்லை இல்லை என்று சிரிப்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததும் எங்களைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறியதாக எனக்குத் தோன்றியது. கடிதம் இன்னும் அவர் கைபேசியில் இருக்கிறது. அழிக்கவுமில்லை, அனுப்பவுமில்லை. ஸ்டோருக்குத்தான் போகிறார். விடுமுறை நாளில், எங்கள் பில்டிங்கில் குடியிருக்கும் டெலிவரி பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ‘ஜெரோம் பாய்’ என்று கூப்பிடுகிறார்கள். நான் அரத்தையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கூடவே இறங்குகிறேன்.

போன மாதம் ஊருக்கு லீவில் போயிருந்தோம். ஒருநாள் காலையில் ஜெரோமின் அக்கா ஸ்டெல்லாவும் நானும் அவர் வீட்டு அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தோம். என் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. சயீத் மேட்டில் நின்று எடுத்து அனுப்பியிருந்தார். பாறைச் சுவர்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் தண்ணீர் பாய்ந்து போகிறது, ஓரத்தில் ஒரு ஆடு நின்று பார்க்கிறது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “என்னட்டி இவ்வளவு வெள்ளம்? எந்த ஆறு? பரளியாறா?”

“இல்லக்கா, இது எங்க ஊரு ஆறு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. நம்ம ஊரு என்றுகூட நான் சொல்லவில்லை. அக்கா கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, சிரிப்புதான் வந்தது அவருக்கு. “ஒங்க ஊரா? அப்ப இது யாரு ஊருட்டி?”

பின்வாசலுக்கு நேரே கடல். கரைமடி வலை இழுப்பவர்களின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையில் பாதி செதிலெடுத்த சாளை மீனோடும், மறு கையில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்த வாதியோடும் நான் நின்றேன்.